பதினேழாவது ஆணி

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாகப் போட்டுவிட்டுத் திரும்பிய மடிப்பு, பதினேழாவது ஆணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாவி இருந்த இடத்தில்தான் தொங்கியது. ஆனால் அதன் பல் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். மடிப்பைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அவர் சட்டைக் கையில் வைக்கும் மடிப்பு மூன்று நாள் பஸ்ஸில் நசுங்கினாலும் கலையாது. அதனால் தெரு வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது அவரே சற்று யோசித்துத்தான் சொல்வார். சட்டையில் மட்டுமில்லை, அவருக்கு எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். செருப்பைக் கழற்றினால் ஜோடி பிசகாது. சாவியை மாட்டினால் பல் இடப்பக்கம் பார்க்கும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சாவிகூட மாறித் தொங்கியதில்லை.

அந்தத் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் பூட்டிய வீடுகள் சாயங்காலம்தான் திறக்கும். சலவைத் துணியை யாரிடம் கொடுப்பது? ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்காரர், "சாவியை வச்சுக்கங்க, அலமாரியிலேயே மாட்டிட்டு வந்துடுங்க" என்றார். அடுத்த வீடு அதைப் பார்த்தது. பார்த்துப் பார்த்து, இப்போது கடைச் சுவரில் நாற்பத்தோரு சாவிகள். எந்தச் சாவியிலும் வீட்டு எண் கிடையாது. அந்த வீட்டுத் துணியின் காலரில் போடும் சலவைக்குறிதான் ஒரு சின்னத் துணித்துண்டில் எழுதிக் கட்டப்பட்டிருக்கும். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி என்று இருக்குமே, அதுதான். திருடன் கடைக்குள் புகுந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனாலும் எது எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். இதை மடிப்பு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பெருமை ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய லாண்டரி வந்து ஒரு வருஷமாகிறது. அங்கே மிஷினே துவைத்து, மிஷினே காயவைத்து, மிஷினே மடிக்கிறது. அப்படியும் தெரு இவரை விட்டுப் போகாததற்கு ஒரே காரணம் இந்தச் சுவர்தான். கண்ணாடிக் கடைக்காரனிடம் யாரும் வீட்டுச் சாவி கொடுக்க மாட்டார்கள். "மடிப்பு கடைச் சாவியை யாரோ எடுத்திருக்காங்களாம்" என்று ஒரு வார்த்தை வெளியே கசிந்தால் போதும், ஆணிகள் மொட்டையாகிவிடும். ஆணி மொட்டையானால் கடையும் மூடவேண்டியதுதான்.

பதினேழாவது ஆணி கப்பல்காரருடையது. கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டைத் திறந்து காற்றோட்டமாக வைக்கும்படி மடிப்பிடம் சொல்லியிருந்தார். மடிப்பு போய் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மூன்று மாடி ஏறினார்.

வீட்டில் ஒன்றும் களவு போகவில்லை. டிவி இருந்தது, கடிகாரப் பெட்டி இருந்தது, அலமாரியில் சட்டைகள் அவர் மாட்டிய வரிசையிலேயே இருந்தன. அப்பாடா என்று மூச்சுவிடப் போனவர் அதைப் பாதியில் நிறுத்தினார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலி இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. நான்காவது படுக்கையறை ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்திருந்தது. சமையலறைத் தொட்டியருகே ஒரு கண்ணாடி டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. தூக்கிப் பார்த்தார். அடியில் வட்டமாக ஈரம்.

திருடனாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. திருடன் எடுப்பான், போவான். இது யார், ஒன்றையும் எடுக்காமல், தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிறவன்? 

அன்றைக்கு முழுக்க அவருக்குத் தெருவே வேறு மாதிரித் தெரிந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பக்கத்துக் கடை சலூன்காரர் வழக்கம்போல வந்து தினசரியை இரவல் கேட்டார். இவன் ஏன் பேசும்போது சுவரைப் பார்க்கிறான்? எதிர்ப்பக்கம் மருந்துக்கடை அம்மா கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"மடிப்பண்ணே, கப்பல்காரர் எப்ப வராரு? அவருக்கு ஒரு மருந்து வந்து கெடக்கு."

"ஏன் கேக்கறீங்க?"

"மருந்து வந்து கெடக்குன்னு சொன்னேனே."

"மூணு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வீடு மூன்று மாதம் காலியாக இருக்கும் என்று அவராகவே போய்ச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே. இத்தனை வருஷமாக இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்த அந்த அம்மாளின் முகத்தில் இப்போது ஏதோ ஒரு கள்ளம் இருப்பதாகப் பட்டது. தெருமுனையில் சாவி நகல் எடுக்கிறவன் தலையாட்டிச் சிரித்தான். ஏன் சிரிக்கிறான்? மடிப்பு பதிலுக்குச் சிரிக்கவில்லை.

மத்தியானம் துணி கொடுக்கப் போகும் வழியில்தான் உருப்படியாக ஒரு யோசனை வந்தது. ஆணிகள் வீட்டு வரிசையில் இல்லை. குறியைப் படிக்கத் தெரியாதவன் நாற்பத்தோரு சாவியில் மாதக்கணக்காக ஆளில்லாத அந்த ஒரே வீட்டின் சாவியை எப்படித் தொட்டிருக்க முடியும்? சலூன்காரருக்குக் குறி தெரியாது. மருந்துக்கடை அம்மாவுக்கும் தெரியாது. குறியைப் படிக்கத் தெரிந்தவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணினார். ஒன்று, தான். இரண்டு, மச்சினன்.

இரண்டாவது விரலில் வந்து நின்றது எண்ணிக்கை.

மச்சினன் என்றால் வீட்டுக்காரியின் தம்பி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குடோனில் வேலை பார்த்தான். அங்கே சரக்கு குறைந்தது. இவன்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை, இவனில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வேலை போயிற்று. "நம்ம கடையில நிக்கட்டுங்க" என்று அக்காக்காரி ஒரே ஒரு தடவை கேட்டாள். மடிப்பு சேர்த்துக்கொண்டார். நல்ல வேலைக்காரன், வாய் அதிகம் திறக்க மாட்டான். மடிப்பு பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை துணி கொடுக்கச் சுற்றும்போது கடையில் நின்று இஸ்திரி போடுகிறவன் அவன்தான். இத்தனை நாள் அமைதி என்று பட்டது இப்போது அழுத்தமாகப் பட்டது.

ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் சொந்தக்காரனைச் சொல்லக் கூடாது. புதன்கிழமை காலை, குறி போடும் மையில் ஒரு துளி எடுத்தார். அது துணியோடு கிழிந்தால்தான் போகும், தோலில் பட்டால் ஒரு வாரம் நிற்கும். சீக்கிரம் காயாமலிருக்க அதில் ஒரு சொட்டு எண்ணெய் குழைத்து, பதினேழாவது சாவியின் தலையில், சுவரைப் பார்த்த பக்கம் தடவி, பழையபடி ஆணியில் மாட்டினார். மச்சினன் மைப்பக்கம் போகவே மாட்டான். அவன் விரல் எப்போதும் வெள்ளை. இந்த ஏற்பாட்டை நினைத்து மடிப்புக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மணிக்குத் திரும்பினார். மச்சினன் ஒரு வெள்ளைச் சட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருப்பு.

மடிப்பு குரலை உயர்த்தவில்லை. சலூன்காரரைக் கூப்பிட்டார், மருந்துக்கடை அம்மாவைக் கூப்பிட்டார். நாளைக்கு விஷயம் வேறு வாய் வழியாக வெளியே போவதைவிட, தானே சாட்சி வைத்துச் சொல்லிவிடுவது நல்லது என்று அவர் கணக்கு. கடையையும் பின்னாலிருந்த வீட்டையும் பிரிக்கும் திரை ஓரம், வழக்கமான ஸ்டூலில், வீட்டுக்காரி காலர்களில் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, கையைக் காட்டு."

காட்டினான்.

"இது கப்பல்காரர் சாவியில நான் தடவி வச்ச மை. உன் கையில எப்படி வந்துச்சு?"

மச்சினன் விரலைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி, மடிப்பின் தோளைத் தாண்டித் திரைப்பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையை மடிப்பு குற்றவாளியின் முழி என்றே எடுத்துக்கொண்டார்.

"நான்தான் மாமா எடுத்தேன்."

"எதுக்கு?"

"சும்மா. கொஞ்ச நேரம் படுக்கறதுக்கு."

"எத்தனை நாளா?"

"இருக்கும் ஒரு மாசம்."

"குடோன்ல என்ன நடந்துச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப நீயே சொல்லிட்டே."

அந்த வார்த்தை தேவையே இல்லை. மூன்று வருஷம் சொல்லிக்காட்டாமல் சேர்த்துவைத்த பெருந்தன்மை முழுவதையும் மடிப்பு ஒரே வரியில் தொலைத்தார். மச்சினன் ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். வீட்டுக்காரி தலை நிமிரவில்லை. பேனா மட்டும் ஒரு காலரில் போட்ட குறியின்மேலேயே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

தெரு மடிப்பை மெச்சியது. "சொந்த மச்சினன்னுகூட பாக்கல பாருங்க. அந்த மனுஷன்கிட்ட வீட்டையே எழுதிக் குடுக்கலாம்" என்று சலூன்காரர் முடி வெட்டிக்கொள்ள வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். வெள்ளிக்கிழமை புதிதாக இரண்டு வீடுகள் சாவி கொண்டுவந்து கொடுத்தன. ஆக நாற்பத்து மூன்று. மடிப்பு ஆணி அடித்தார்.

வீட்டில் மட்டும் பேச்சு நின்றுபோயிருந்தது. கேட்டதற்குப் பதில் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. தம்பி பாசம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். ஒற்றை ஆளாக நின்று தேங்கிய துணியெல்லாம் இஸ்திரி போட்டு அவருக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது.

"உன் தம்பி பண்ண காரியத்துக்கு நான் தண்டனை அனுபவிக்கறேன்" என்றார்.

வீட்டுக்காரி மைப்புட்டியை மூடினாள்.

"குறி படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேருன்னு எண்ணினீங்க?"

"ரெண்டு பேரு. நான், அவன்."

"குறி போடறது யாருங்க?"

அவள் இரண்டு கையையும் மேஜைமேல் நீட்டி விரித்தாள். பத்து விரலிலும் நகக்கண்வரை மை. நேற்றுப் பட்டது, போன வாரம் பட்டது, என்றைக்கோ பட்டுத் தோலோடு தங்கிவிட்டது.

"இதுல உங்க மை எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு காலரிலும் குறி போட்டவள் அவள். இந்த வீட்டுக்கு இந்தக் குறி என்று முதலில் தீர்மானித்தவளும் அவள்தான். மடிப்பே அவளிடம் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். அவளை எண்ணாமல் விட்டதற்கு நம்பிக்கைதான் காரணம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அது நிற்கவில்லை. கடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணும்போது மேஜையை யாராவது எண்ணுவார்களா? அப்படித்தான் விட்டிருந்தார்.

"எதுக்குப் போனே?"

"உக்கார."

"உக்காரவா?"

"நீங்க துணி குடுக்கப் போனதும் பின்வாசல் வழியா போவேன். கதவைச் சாத்துவேன். ஜன்னல்கிட்ட உக்காருவேன். ஒரு டம்ளர் தண்ணி குடிப்பேன். ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. நம்ம வீட்டுல சாத்தறதுக்குக் கதவு எங்க இருக்கு, சொல்லுங்க. முன்னாடி கடை, பின்னாடி திரை."

"ஜன்னல்ல அப்படி என்ன தெரியும்?"

"எதிர்க்கட்டடத்து சுவரு. வேற ஒண்ணுமில்ல."

யாராவது வந்துபோனார்களா, யாரையாவது பார்க்கவா என்று ஒரு கேள்வி மடிப்பின் நெஞ்சில் தலை தூக்கியது. நல்லவேளை, கேட்கவில்லை. ஆனால் தூக்கியது உண்மை.

"அப்ப அவன் ஏன் ஒத்துக்கிட்டான்?"

"நான் வந்து சாவியைக் குடுப்பேன், அவன் மாட்டுவான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அன்னிக்கு நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் சொல்லிட்டான். நானும் வாயை மூடிக்கிட்டேன். குடோன் பேச்சை நீங்க எடுத்தப்பவும் மூடிட்டுத்தான் இருந்தேன். நாலு நாளா சோறு எறங்கல." அவள் கண் கலங்கியது. "அவனைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நானே தெருவுல போய்ச் சொல்றேன்."

மச்சினன் இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் மூன்று பேரோடு தங்கியிருந்தான். மடிப்பு படியேறிப் போய் நின்றபோது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"விட்ருங்க மாமா. எனக்கு இந்தப் பேரு ஏற்கனவே இருக்கு. அக்காவுக்கு எதுக்கு? சாவியெல்லாம் போயிடும். கடை போனா ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?"

படி இறங்கும்போது மடிப்புக்கு மனசு லேசாக இருந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொள்ளத் தயார், அவர் மட்டும் மூடினால் போதும். நாற்பத்து மூன்று சாவியும் ஆணியிலேயே இருக்கும். இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் அந்த லேசு அவருக்கே அருவருப்பாகப் பட்டது. தன் பிழைப்புக்கு ஒருவன் திருடன் பட்டத்தைச் சுமக்கிறேன் என்கிறான், அதைக் கேட்டு இவருக்கு நிம்மதி. சீ என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

திங்கட்கிழமை காலை சலூனுக்குப் போனார். நாற்காலியில் ஓர் ஆள், காத்திருந்தவர்கள் இரண்டு பேர்.

"கப்பல்காரர் வீட்டுச் சாவியை எடுத்தது என் மச்சினன் இல்ல. என் வீட்டுக்காரி. பொருள் எதையும் தொடல, சும்மா உக்காந்துட்டு வந்திருக்கா. நான் அவனை அநியாயமா பேசிட்டேன். வெளிய யார்கிட்டயெல்லாம் சொன்னீங்களோ, அவங்ககிட்ட இதையும் சொல்லிடுங்க."

கத்தரி நின்றது. கண்ணாடிக்குள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "அதனால என்னண்ணே, வீட்டுக்குள்ள நடக்கறதுதான்" என்றார் சலூன்காரர், ரொம்ப அன்பாக.

பதினோரு மணிக்கு அவரே முதல் ஆளாக வந்தார். "ஊர்லேருந்து விருந்தாளி வராங்க. ஒரு சாவி கூட இருந்தா நல்லதுன்னு வீட்ல சொன்னா." அவருக்குப் பிறகு வந்தவர் கதவுக்குப் பூட்டு மாற்றப் போகிறாராம். அடுத்தவர் வீட்டில் நகல் சாவி தொலைந்துவிட்டதாம். யாரும் முகம் கோணவில்லை. யாரும் வீட்டுக்காரியின் பெயரை எடுக்கவில்லை. மடிப்பு கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். கப்பல்காரருக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, "சரி, வந்து பேசுவோம்" என்று பதில் வந்தது. அதை எந்தத் தொனியில் படிப்பது என்று தெரியாமல் ஏழெட்டுத் தடவை படித்துப் பார்த்தார்.

மச்சினன் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தான். "தப்பு என்னுது" என்றார் மடிப்பு. அவன், "பெட்டி சூடாயிடுச்சா மாமா?" என்று மட்டும் கேட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். இஸ்திரி போடத்தான் துணி கொஞ்சமாக இருந்தது. வியாழக்கிழமைக்குள் சுவரில் மிஞ்சியது ஆறு சாவி.

அன்று மத்தியானம் மருந்துக்கடை அம்மா தெருவைக் கடந்து வந்தார். மடிப்பு ஒன்றும் கேட்காமல் அவருடைய சாவியை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் திரும்பிப் போகாமல், திரை ஓரம் வரை நடந்துபோய், அந்தச் சாவியை வீட்டுக்காரியின் கையில் வைத்தார்.

"எங்க வீட்டுல பகல்ல யாரும் கெடையாது. நானும் கடையிலதான் இருப்பேன். இது ஆணியில வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்காரி வேண்டாம் என்று சொல்வாள் என மடிப்பு எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். மருந்துக்கடை அம்மா அவளிடம் தலையசைத்துவிட்டு, மடிப்பைத் தாண்டிக்கொண்டு தன் கடைக்குப் போனார்.

மடிப்பு துணிப் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போய்விட்டு நின்றார்.

"நீ எப்ப போவே? எப்ப திரும்புவே?"

சாதாரணமாகத்தான் கேட்க நினைத்தார். கேட்டது அக்கறையா, வேவா என்று அவருக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அடுத்த சட்டையின் காலரைப் புரட்டினாள்.